ஒரே வைஃபை, இரண்டு ஃபீட்: சாய்வு யாருடையது?

கேள்வி இது: "பெங்களூர் அல்சூரில் நானும் மச்சானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் போனைத் திறந்தால் ஒரு கட்சியின் புகழ்பாட்டு. என் போனில் அதே கட்சியைக் கழுவி ஊற்றும் வீடியோக்கள். காவிரிப் பிரச்சினை கிளம்பினால் இரண்டு போனிலும் அடிதடி. இந்தக் கம்பெனிகள் யாருக்காவது வேலை பார்க்கின்றனவா? நாமே கண்டுபிடிக்க வழி உண்டா?"

வழி உண்டு, ஆனால் ஃபீடைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. மச்சான் போனில் ஒரு கட்சி அதிகம் தெரிவதற்குக் குறைந்தது நான்கு தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். அவரே அதைத் தேடித் தேடிப் பார்த்திருக்கலாம். பதிவுகளை வரிசைப்படுத்தும் இயந்திரம் அந்த வகைப் பதிவை எல்லோருக்குமே கூடுதலாகத் தள்ளலாம். யாரோ காசும் ஆளும் போட்டுப் பரப்பியிருக்கலாம். கம்பெனிக்குள்ளோ அரசாங்கத்திலோ ஒரு மனிதர் உட்கார்ந்து 'இதை எடு, அதை விடு' என்று முடிவு செய்திருக்கலாம். திரையில் நான்கும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது.

இயந்திரத்திலிருந்து தொடங்கலாம், ஊகங்கள் அதிகம் உலவுவது அதைப் பற்றித்தான். 2023 மார்ச் 31 அன்று ட்விட்டர் தன் பரிந்துரை நிரலின் பெரும்பகுதியைப் பொதுவெளியில் வைத்தது. நீங்கள் 'ஃபார் யூ' பக்கத்தைத் திறக்கும்போது சுமார் 1,500 பதிவுகளை அது முதலில் பொறுக்கி எடுக்கும். சராசரியாகப் பாதி நீங்கள் பின்தொடர்பவர்களுடையவை, மீதிப் பாதி முன்பின் தெரியாதவர்களுடையவை. பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் நீங்கள் லைக் போட எவ்வளவு வாய்ப்பு, பதில் எழுத எவ்வளவு வாய்ப்பு என்று தனித்தனியாக ஊகித்து, ஒவ்வொன்றையும் ஓர் எடையால் பெருக்கிக் கூட்டும். கூட்டுத்தொகை பெரிதாக இருப்பது மேலே வரும். அன்று வெளியான எடைகள்: லைக் 0.5, ரீட்வீட் 1, பதில் எழுதுவது 13.5. உங்கள் பதிலுக்குப் பதிவை எழுதியவரே திரும்ப வந்து எதிர்வினை செய்தால் 75. 'இதைக் குறைவாகக் காட்டு' என்று அழுத்துவது, மியூட், பிளாக் ஆகியவற்றுக்கு மைனஸ் 74. ரிப்போர்ட் செய்தால் மைனஸ் 369.

இந்தப் பட்டியலில் கட்சி எங்கே? எங்கும் இல்லை. சண்டைதான் இருக்கிறது. ஒரு பதில் 27 லைக்குக்குச் சமம். நீங்கள் திட்ட, அவர் திருப்பித் திட்டினால் 150 லைக்குக்குச் சமம். பதில் பாராட்டா வசவா என்று அந்த எடை பார்ப்பதில்லை. ஆகவே பிடிக்காத பதிவின் கீழே போய் நாலு வரி மறுப்பு எழுதுகிறவர், அந்த மாதிரிப் பதிவுதான் தனக்கு வேண்டும் என்று இயந்திரத்திடம் மனு கொடுக்கிறார். இந்த எண்கள் 2023 நிலவரம், நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியவை. ஆனால் லைக்கை விட உரையாடலுக்கு அதிக மதிப்பு என்ற தர்க்கம் ஒரு நிறுவனத்தோடு நிற்பதல்ல.

அதே நிரலில் 'எழுதியவர் டெமாக்ரட்', 'எழுதியவர் ரிபப்ளிகன்', 'எழுதியவர் எலான்' என்ற அடையாளக் குறிகளும் இருந்தன. ஊரே கொதித்தது. எந்தத் தரப்புக்கும் தூக்கல் விழுகிறதா என்று அளக்க வைத்த குறிகள்தான் அவை, தூக்கிவிடுவதற்கு அல்ல என்றார்கள் பொறியாளர்கள். உடனே அவற்றை நீக்கியும் விட்டார்கள். தராசை வைத்திருப்பது எடையில் மோசடி செய்வதாகாது என்பது உண்மை. ஆனால் சந்தேகம் வந்ததும் தராசையே தூக்கி எறிந்தது நல்ல வேலையில்லை, இனி அளக்க ஆளில்லை. இந்தியக் கட்சிகளின் பெயர் அந்தக் குறிகளில் எதுவும் இல்லை. அளக்கக்கூட நம்மை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

ஃபேஸ்புக் கதையும் இதே தடம்தான். 2018 ஜனவரியில் 'அர்த்தமுள்ள உறவாடல்' என்ற பெயரில் ஃபீடை மாற்றினார்கள். பின்னால் கசிந்த உள்ளாவணங்களின்படி லைக்குக்கு 1 புள்ளி, இமோஜிக்கும் வெறுமனே பகிர்வதற்கும் 5, நீளமான கமெண்ட்டுக்கு 30 வரை. கோப முகத்துக்கு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு 2017-லேயே தொடங்கியிருந்தது. 2020 செப்டம்பரில்தான் அதைப் பூஜ்ஜியமாக்கினார்கள். மூன்று ஆண்டுகள்! அந்த இடைவெளியில் கட்சிகள் பாடம் படித்துவிட்டன. ஐரோப்பாவில் கட்சிக்காரர்களே ஃபேஸ்புக்கிடம் போய், உங்கள் மாற்றத்தால் நாங்கள் எதிர்மறைப் பதிவுகளுக்குத் தள்ளப்படுகிறோம் என்று சொன்னதாக 2019-இன் உள்ளறிக்கை பதிவு செய்திருக்கிறது. போலந்தில் ஒரு கட்சி, நேர்மறையும் எதிர்மறையும் பாதிக்குப் பாதியாக இருந்த தன் பதிவுகளில் 80 சதவீதம் எதிர்மறையாகிவிட்டதாகக் கணக்குச் சொன்னது. சாய்வு எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது. இயந்திரத்துக்குக் கட்சி தெரியாது. அதற்குப் பிடித்த தீனியை எந்தக் கட்சி அதிகம் சமைக்கிறதோ, அதன் பக்கம் பந்தி சாய்கிறது.

அப்படியானால் அளந்து பார்த்த ஆய்வே இல்லையா? இருக்கிறது. வரிசைப்படுத்திய ஃபீடை 2016-இல் கொண்டு வந்தபோது, சுமார் 1 சதவீதம் பயனர்களைப் பழைய நேரவரிசையிலேயே ட்விட்டர் விட்டு வைத்தது. அவர்களோடு மற்றவர்களை ஒப்பிட்டு 2021-இல் ஓர் ஆய்வை அதன் ஆட்களே வெளியிட்டார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின், ஜப்பான் என 7 நாடுகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் போட்ட பதிவுகள். ஜெர்மனி தவிர மற்ற 6 நாடுகளில் வலதுசாரிகளின் பதிவுகளுக்குக் கூடுதல் தூக்கல் கிடைத்திருந்தது. ஏன் என்பதற்கு அவர்களிடமே பதில் இல்லை. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. 'ட்விட்டரே ஒப்புக்கொண்டது' என்று இந்தியக் கட்சிச் சண்டையில் இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த ஒரு வரியை வசதியாக விட்டுவிடுவார்கள்.

'சரி, நேரவரிசைக்கு மாறிவிட்டால் தீர்ந்தது' என்பதும் அவசர முடிவு. 2020 அமெரிக்கத் தேர்தலின்போது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பயனர்கள் சிலரை 3 மாதம் நேரவரிசை ஃபீடுக்கு மாற்றிப் பார்த்த ஆய்வு 2023 ஜூலையில் வெளியானது. அவர்கள் செயலியில் செலவிட்ட நேரம் குறைந்தது, வசைச்சொல் குறைந்தது. ஆனால் அரசியல் பதிவுகளும் நம்பத்தகாத தளங்களின் சரக்கும் கூடின. அரசியல் கருத்திலோ பகைமையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நேரவரிசையில் யார் நிமிடத்துக்கு ஒன்று போடுகிறார்களோ அவர்களுக்கே ராஜ்ஜியம் என்பதால் இதில் பெரிய ஆச்சரியமில்லை.

இனி உங்கள் ஊர் விஷயம். பெங்களூர்த் தமிழர் ஒருவரைப் பற்றி இயந்திரத்துக்குக் கிடைக்கும் அடையாளங்கள் ஒன்றோடொன்று முரண்படுபவை. இருப்பிடம் கர்நாடகா. பார்ப்பது தமிழ் வீடியோ. தொடர்பு எண்களில் பாதி வேலூர், தருமபுரி, கிருஷ்ணகிரி. அலுவலக வாட்ஸ்அப்பும் அபார்ட்மென்ட் குழுவும் கன்னடம், ஆங்கிலம். ஓட்டு ஒரு மாநிலத்தில், அரசியல் ஆர்வம் இன்னொரு மாநிலத்தில். சாதாரண நாட்களில் இரண்டு ஓடைகளும் தனித்தனியே ஓடும். காவிரி நேரத்தில் ஒரே கிளிப், கன்னடத் தலைப்போடு ஒரு கூட்டத்துக்கும் தமிழ்த் தலைப்போடு இன்னொரு கூட்டத்துக்கும் போகும். இரண்டு மொழியும் தெரிந்த நீங்கள் இரண்டிலும் நின்று பார்ப்பீர்கள், கொதிப்பீர்கள், பதில் எழுதுவீர்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே பாலம் கட்டித் தருவது உங்களைப் போன்ற கணக்குகள்தான். அடிதடி மச்சான் போனிலும் உங்கள் போனிலும் ஒரே நாளில் வருவதற்கு இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், கட்சிச் சாய்வு அல்ல.

2016 செப்டம்பரை நினைவிருக்கிறவர்களுக்கு இது விளங்கும். கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்து ஃபேஸ்புக்கில் போட்டதாக ஒரு தமிழ் மாணவரைப் பெங்களூரில் அடித்த வீடியோ தமிழ்நாட்டில் சுற்றியது. அங்கே கர்நாடகத்தவரின் ஹோட்டலும் வாகனங்களும் தாக்கப்பட்ட வீடியோக்கள் இங்கே சுற்றின. 12-ஆம் தேதி நகரமே எரிந்தது, தமிழ்நாட்டு ஆம்னி பஸ்கள் வரிசையாகக் கொளுத்தப்பட்டன. நடந்தவை உண்மை நிகழ்வுகள்தான், போலி வீடியோ அல்ல. ஓர் ஊரில் நடந்த அடி எதிர் ஊரிலும் சுற்றியது என்பதே சிக்கல்.

மொழி இன்னொரு விதத்திலும் இடிக்கும். ஃபேஸ்புக்கின் உள்ளாவணங்கள் 2021-இல் வெளிவந்தபோது தெரிந்த கணக்கு: போலிச் செய்தியைக் கண்டறியும் நேரத்துக்கான பட்ஜெட்டில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கு, மீதி உலகம் முழுவதற்கும் 13. அது முழுப் படம் அல்ல என்று நிறுவனம் மறுத்தது. இந்தியாவின் 22 அட்டவணை மொழிகளில் 5-இல்தான் தானியங்கிக் கண்டறிதலைப் பழக்கியிருந்தார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, நடுவில் கன்னட வசவு ஒன்றைச் சேர்க்கும் சிவாஜிநகர் நடையை எந்த வடிகட்டி பிடிக்கும்? அதே ஆவணங்களில் இன்னொரு சோதனை: 2019 பிப்ரவரியில் கேரளாவில் இருப்பதாக ஒரு வெற்றுக் கணக்கைத் திறந்து, செயலி சொன்ன குழுக்களிலும் பக்கங்களிலும் மட்டும் சேர்ந்தார் ஓர் ஊழியர். மூன்று வாரத்தில், புல்வாமா தாக்குதலை ஒட்டி, அந்த ஃபீட் வெறுப்புப் பதிவுகளாலும் பிணப்படங்களாலும் நிரம்பிவிட்டது. அந்தக் கணக்கு தானாக எதையும் தேடவே இல்லை.

அல்காரிதம், அதாவது அந்த வரிசைப்படுத்தும் இயந்திரம், இல்லாத இடத்தில் பெருக்கம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2012 ஆகஸ்டில் எஸ்எம்எஸ் வதந்தியை நம்பி வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூர் ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். மத்திய அரசு ஒரு நாளைக்கு 5 எஸ்எம்எஸ் என்று வரம்பு போட்டது. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் பெங்களூர் சாமராஜ்பேட்டையில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அதுபோன்ற பல கொலைகளுக்குப் பிறகு அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு நேரத்தில் 5 உரையாடலுக்குத்தான் ஃபார்வர்ட் என்று கட்டுப்படுத்தியது. ஆறு ஆண்டு இடைவெளியில் அதே 5. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்பது 2020 ஏப்ரலில் வந்தது. வாட்ஸ்அப்பில் வரிசைப்படுத்தும் இயந்திரம் கிடையாது. அங்கே சாய்வு என்றால் உங்களைச் சேர்த்த குழு அட்மின்களின் சாய்வுதான்.

ஆள் போட்டுப் பரப்புவதற்கு வருவோம். ட்ரெண்டிங் பட்டியல் மொத்த எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, திடீர் ஏற்றத்தைப் பார்க்கிறது. ஆகவே நாள் முழுவதும் ஒரு லட்சம் பேர் பேசுவதை விட, குறித்த அரை மணியில் சில ஆயிரம் பதிவுகள் கொட்டினால் மேலே ஏறலாம். கட்சிகளின் ஐ.டி. விங்குகளுக்கு இது அத்துப்படி. 2019 மக்களவைத் தேர்தலின்போது பாஜக ஆதரவு வாட்ஸ்அப் குழுக்களை ஆராய்ந்தவர்கள், முன்கூட்டியே எழுதி வைத்த ட்வீட் பட்டியலோடு நேரம் குறித்து நடத்திய 75 ஹேஷ்டேக் இயக்கங்களை அடையாளம் கண்டார்கள். மறுபக்கம் சாமியார் மடம் அல்ல. 2019 ஜனவரியில் பிரதமர் மதுரை எய்ம்ஸ் அடிக்கல் நாட்ட வந்த அன்று 'கோ பேக் மோடி'யும் 'டிஎன் வெல்கம்ஸ் மோடி'யும் ஒருசேர ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இரு தரப்பின் பயிற்சியும் தெரியும். இதில் எவ்வளவு தன்னெழுச்சி, எவ்வளவு ஏற்பாடு என்று வெளியிலிருந்து பிரிப்பது கடினம். சந்தேகம் வந்தால் ஒன்று செய்யலாம்: ஹேஷ்டேக்கைத் தேடி 'அண்மையவை' வரிசையில் முதல் 100 பதிவுகளைப் பாருங்கள். ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். கைகளால் தனித்தனியாக எழுதியவர்கள் ஒரே இடத்தில் ஒற்றெழுத்தைத் தவற விடமாட்டார்கள்.

எண்ணிக்கையைப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 2019 ஏப்ரல் 1 அன்று காங்கிரஸ் ஐ.டி. பிரிவோடு தொடர்புடையவர்களின் 687 பக்கங்களையும் கணக்குகளையும் ஃபேஸ்புக் நீக்கியது. அதே நாளில் ஓர் இந்திய ஐ.டி. நிறுவனத்தோடு தொடர்புடைய, ஆளுங்கட்சிக்கு ஆதரவான 15 மட்டும் நீக்கப்பட்டன. தலைப்பைப் பார்த்தால் 687-க்கு 15. உள்ளே போனால், அந்த 687-ஐப் பின்தொடர்ந்தவர்கள் சுமார் 2 லட்சம், இந்த 15-ஐப் பின்தொடர்ந்தவர்கள் சுமார் 26 லட்சம். எந்த எண்ணைத் தலைப்பில் வைக்கிறீர்கள் என்பதே ஒரு சாய்வுதான்.

காசு போட்டால்? ஃபேஸ்புக்கில் விளம்பரம் ஏலத்தில் போகிறது. அதிகப் பணம் கேட்டவருக்கே இடம் என்று நினைப்பது தவறு. கேட்ட தொகையோடு 'பார்ப்பவர் இதற்கு எதிர்வினை செய்வாரா' என்ற ஊகமும் சேரும். பார்ப்பவருக்கு ஏற்கெனவே பிடித்த கட்சி என்றால் விளம்பரம் மலிவு, பிடிக்காத கட்சி என்றால் அதே ஆளிடம் போய்ச் சேரக் கூடுதல் செலவு. 2019 பிப்ரவரி முதல் 2020 நவம்பர் வரையிலான இந்திய அரசியல் விளம்பரங்களை அலசி 2022-இல் வெளியான புலனாய்வின்படி, பத்து லட்சம் பார்வைக்குப் பாஜக தரப்புக்குச் சராசரியாக ரூ.41,844, காங்கிரஸுக்கு ரூ.53,776. அதாவது சுமார் 29 சதவீதம் கூடுதல். எல்லோருக்கும் ஒரே கொள்கைதான் என்றது நிறுவனம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். விதி ஒன்றாக இருந்தும் விலை வேறாக வருவதுதான் இந்த ஏலத்தின் குணம்.

இதை நீங்களே பார்க்கலாம். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் 'ஆட் லைப்ரரி' பக்கத்தில் நாடு இந்தியா, வகை 'சமூகப் பிரச்சினை, தேர்தல், அரசியல்' என்று தேர்ந்து, தலைவர் பெயரையோ தொகுதி பெயரையோ தமிழிலும் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தனித்தனியே தேடுங்கள். மூன்று மொழியிலும் தேடாவிட்டால் பாதி தப்பிவிடும். ஒவ்வொரு விளம்பரத்திலும் செலவு, பார்வை இரண்டும் வரம்பாகவும், வயது, பாலினம், மாநிலப் பிரிவும் தெரியும். அரசியல் விளம்பரங்கள் 7 ஆண்டு அங்கே இருக்கும். கட்சியின் பெயரில் உள்ள பக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மீம் பக்கம், 'மக்கள் குரல்' வகையறாப் பக்கம் ஆகியவற்றின் 'பணம் செலுத்தியவர்' வரியைப் பாருங்கள். ஒரே பெயர் பல பக்கங்களில் வந்தால் நூல் கிடைத்துவிட்டது. கூகுள், யூடியூப் விளம்பரங்களுக்கு அவர்களின் 'ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர்' உண்டு.

நான்காவது காரணம் மனித முடிவு. தெலங்கானாவின் ஒரு பாஜக எம்எல்ஏ மீது வெறுப்புப் பேச்சு விதியைப் பாய்ச்ச ஃபேஸ்புக்கின் இந்தியக் கொள்கை அதிகாரி எதிர்ப்புத் தெரிவித்ததாக 2020 ஆகஸ்டில் செய்தி வந்ததும், அந்த அக்டோபரில் அவர் பதவி விலகியதும் பதிவானவை. அரசாங்கத்தின் பக்கம், இணையப் பதிவுகளை முடக்கச் சொல்லும் அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு இருக்கிறது. அதன் கீழ் வரும் முடக்க உத்தரவுகள் ரகசியமானவை. அவற்றை எதிர்த்து ட்விட்டர் போட்ட வழக்கைப் பெங்களூரில் உள்ள கர்நாடக உயர் நீதிமன்றம் 2023 ஜூன் 30 அன்று ரூ.50 லட்சம் அபராதத்தோடு தள்ளுபடி செய்தது. பதிவுகளை நீக்கச் சொல்லி நிறுவனங்களுக்கு அரசு நோட்டீஸ் அனுப்பும் சஹயோக் தளத்தை எதிர்த்து அதே நிறுவனம் போட்ட வழக்கும் 2025 செப்டம்பரில் தள்ளுபடியானது. நடைமுறையில் இதன் பொருள்: ஒரு கணக்கு திடீரென்று காணாமல் போனால் முதலில் அதன் பக்கத்துக்கே நேராகப் போய், 'இந்தியாவில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அல்காரிதத்தைத் திட்டிப் பயனில்லை.

இப்போது எக்ஸில் (பழைய ட்விட்டர்) செய்து பார்க்க உங்கள் வீட்டுச் சோதனை. இரண்டு பழைய போன்கள், இரண்டு புதிய எண்கள், ஒரு நோட்டு போதும். போன்களை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். பழைய லாகின் எச்சம் இருந்தால் பழைய நீங்கள் உள்ளே வந்துவிடுவீர்கள். தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கேட்கும், மறுத்துவிடுங்கள். பெரும்பாலான சோதனைகள் கெடுவது இங்கேதான். இருப்பிட அனுமதியும் வேண்டாம். ஐ.பி. முகவரியை வைத்துப் பெங்களூர் என்று தெரிந்துகொள்ளும், இரண்டுக்கும் அது ஒன்றே என்பதால் பாதகமில்லை. செயலி மொழி இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டு கணக்கிலும் ஒரே 40 பேரைப் பின்தொடருங்கள்: மூன்று கட்சிகளுக்குத் தலா 10, செய்தி நிறுவனங்கள் 10. லைக், கமெண்ட் எதுவும் கூடாது.

நாளுக்கு ஒரு முறை, இரவு 9 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், 'ஃபார் யூ'வில் முதல் 50 பதிவு, 'ஃபாலோயிங்'கில் (நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவு வரும் பக்கம்) முதல் 50 பதிவு. நோட்டில் எழுதுவதற்காக ஒரு பதிவில் நின்றுவிடாதீர்கள். விரல் நிற்பதும் இயந்திரத்துக்கு ஒரு சைகைதான், நீங்கள் எழுத எழுத ஃபீட் உங்களை நோக்கி வளையும். ஸ்கிரீன் ரெக்கார்டிங் போட்டு, பதிவுக்கு 3 நொடி என்று சீராகத் தள்ளிக்கொண்டே போங்கள். 50 பதிவுக்கு இரண்டரை நிமிடம். பிறகு வீடியோவைப் பார்த்துக் குறியுங்கள்: எழுதியவர் பின்தொடரப்படுபவரா புதியவரா, எந்தக் கட்சிக்குச் சாதகம், புகழ்ச்சியா தாக்குதலா, எந்த மொழி, விளம்பரமா. 'ஃபாலோயிங்' பக்கம் உண்மையிலேயே நேரவரிசைதானா என்பதை முதலில் சரிபாருங்கள். சில பதிப்புகளில் அதற்குள்ளும் 'பிரபலமானவை', 'அண்மையவை' என்று தேர்வு இருக்கும்.

உங்கள் வீடியோவை மச்சானும் அவருடையதை நீங்களும் குறியுங்கள், இருவரும் பொதுவாக ஒரு நாள் வீடியோவை மட்டும் தனித்தனியே குறித்து ஒப்பிடுங்கள். அவர் கட்சியின் ஒரே பதிவை நீங்கள் 'தாக்குதல்' என்பீர்கள், அவர் 'பதிலடி' என்பார். பத்துக்கு எட்டாவது ஒத்துப் போகாவிட்டால் வரையறையை எழுதி வைத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

7 நாளில் பக்கத்துக்கு 350 பதிவு சேரும். உதாரணத்துக்கு ஒரு கட்சி நேரவரிசையில் 105 (30 சதவீதம்), 'ஃபார் யூ'வில் 168 (48 சதவீதம்) என்றால் தூக்கல் 1.6 மடங்கு. நேரவரிசையோடு ஒப்பிடாமல் 48 என்ற எண்ணை மட்டும் சொன்னால் அது எதையும் நிரூபிக்காது. ஆளுங்கட்சி நாளெல்லாம் அரசு விழாப் படம் போடும், அதனாலேயே அதிகம் தெரியலாம். ஒரே நாளின் 50 பதிவை வைத்துத் தீர்ப்பு எழுதுவதும் தப்பு: அதில் கிடைக்கும் சதவீதத்தின் பிழை வரம்பு, கூடவோ குறையவோ, சுமார் 14 சதவீதப் புள்ளி, 350-இல் சுமார் 5 புள்ளி. இரண்டு பக்கங்களின் வித்தியாசத்தைப் பார்க்கும்போது பிழை இன்னும் கூடும். ஒரே ஆளின் பதிவுகள் திரும்பத் திரும்ப வருவதால் கணக்கு மேலும் தளரும். 10 புள்ளிக்குக் குறைவான வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாதீர்கள்.

இரண்டாம் வாரம் ஒரு போனில் மட்டும் ஒரு கட்சியின் 20 பதிவுகளுக்கு லைக் போட்டு, இன்னொரு வாரம் அளவெடுங்கள். தொடாத போனுக்கும் தொட்ட போனுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் சொந்தக் கைங்கரியம். தொடாத போனில் இருக்கும் தூக்கல் இயந்திரத்தினுடையது. இது கணக்கெடுப்பு அல்ல, வீட்டுத் தெர்மாமீட்டர். பெரிய அளவில் பார்க்க உதவிய வாசல்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. பதிவுகளை மொத்தமாக எடுத்து அலச உதவிய ட்விட்டரின் இலவச ஏபிஐ 2023-இலும், எந்தப் பதிவு எவ்வளவு பரவுகிறது என்று காட்டிய மெட்டாவின் கிரவுட்டேங்கிள் 2024 ஆகஸ்டிலும் போயின.

உடனடி நிவாரணம் வேண்டுமென்றால்: யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை அழித்து நிறுத்திவிட்டால் முகப்புப் பக்கம் காலியாகிவிடும், பிறகு நீங்கள் தேடியதுதான் வரும். இன்ஸ்டாகிராமில் பரிந்துரைகளை ரீசெட் செய்யும் வசதியும், அரசியல் உள்ளடக்கத்தைக் குறைக்கும் தேர்வும் செட்டிங்ஸில் உள்ளன. அரசியலைத் தானாகக் குறைத்துக் காட்டும் ஏற்பாட்டை இன்ஸ்டாகிராமில் மெட்டா 2024-இல் கொண்டு வந்து 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றது. எனவே 'முன்பே மாற்றி வைத்தேனே' என்று இருந்துவிடாமல் ஒருமுறை திறந்து பாருங்கள். ஃபேஸ்புக்கில் 'ஃபீட்ஸ்' தாவல் நேரவரிசையில் காட்டும். எக்ஸில் பிடிக்காத பதிவுக்குப் பதில் எழுதாமல் மூன்று புள்ளியை அழுத்தி 'ஆர்வமில்லை' கொடுங்கள். ஐரோப்பாவில் தனிநபர் விவரம் சேர்க்காத ஒரு ஃபீடைப் பெரிய தளங்கள் சட்டப்படியே தர வேண்டும், இங்கே அப்படி ஓர் உரிமை கிடையாது.

உங்கள் சொந்தப் பதிவு நீக்கப்பட்டாலோ, மிரட்டல் பதிவு நீங்காமல் இருந்தாலோ தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனில் போகலாம். 'எனக்கு ஒரு கட்சியையே காட்டுகிறார்கள்' என்ற புகாருக்கு அங்கே இடமில்லை. தேர்தல் காலத்தில் நடத்தை விதி மீறல் கண்ணெதிரே நடந்தால் சி-விஜில் செயலி, 100 நிமிடக் கெடு; ஆனால் அந்தச் செயலியிலேயே எடுத்த படமோ வீடியோவோதான் அதில் செல்லும். இணையப் பதிவு பற்றிய புகாரில் குறைதீர் அதிகாரிக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினால் தேங்கிவிடும். பதிவின் முழு இணைப்பு, பார்த்த தேதி, நேரம், கணக்கின் பெயர் ஆகியவற்றோடு அனுப்புங்கள். பெயரை மாற்றிக்கொண்டாலும் இணைப்பில் உள்ள எண் மாறாது.

கடைசியாக ஒன்று, சோதனை முடியும் வரை மச்சானின் சொந்த போனில் எந்த செட்டிங்கையும் அவருக்குத் தெரியாமல் மாற்றாதீர்கள். ஃபீட் திடீரென்று வெறிச்சோடிப் போனதும் அவர் போய்த் தேடுவது அந்தக் கட்சியின் சேனலைத்தான்.